படிகாரத் தண்ணீரும் பரக்கத் பீவியும்

கிழக்கே கடலுக்கு அப்பால் இருக்கும் பெகு நாட்டுக்கு வியாபாரத்துக்காகக் கப்பல் ஏறுவதற்கு முன்பு ஜெகபர் அலி மரைக்காயர் சொல்லிவிட்டுப் போன வார்த்தை, மழைக்காலம் முழுவதும் அவர் மனைவி பரக்கத் பீவியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது.

"தை பொறந்து நான் திரும்பினதும் கலந்தரைத் தெக்கே கூட்டிக்கினு போறேன். வாடை அடிக்கறப்பவே தோணி ஏறிட்டா சுருக்கா போயிடலாம். தர்காவுல விட்டுட்டா வேளாவேளைக்குக் கஞ்சி ஊத்துவாங்க. நமக்கப்புறம் அவன யார் பாப்பா, சொல்லு."

"அவன் நம்ம புள்ளைங்க."

"புள்ளதான். நான் இல்லேன்னா சொல்றேன்? ஆனா நாம யாருன்னு அவனுக்குத் தெரியுதா? நீ உம்மான்னு தெரியுதா? நான் வாப்பான்னு தெரியுதா? யாரு எவருன்னு தெரியாதவனுக்கு எங்க இருந்தாலும் ஒண்ணுதான் பீவி."

மரைக்காயர் ஈவிரக்கம் இல்லாதவர் அல்ல. கலந்தர் பிறந்த அன்று பழவேற்காடு முழுக்கக் கல்கண்டு வழங்கியவர். பையனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. பத்துச் சொல்லுக்கு மேல் வாயில் வராது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டான். யார் முகத்தையும் பார்க்க மாட்டான், தலை எப்போதும் குனிந்தே இருக்கும். கையில் அகப்பட்டதை எல்லாம் பிசைந்துகொண்டிருப்பான். உம்மாவின் முந்தானை, தலையணை, ஈர மண், எதுவானாலும் சரி. ஓதக் கற்றுக்கொடுக்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லிவிட்டு நின்றுபோனார்கள். மகனை நினைத்து மருகி மருகித்தான் மரைக்காயர் இந்த முடிவுக்கு வந்திருந்தார். அதனாலேயே அவரோடு சண்டை போட முடியவில்லை. கெட்டவனோடு சண்டை போடலாம், மனசு உடைந்தவனோடு எப்படிப் போடுவது?

பரக்கத் பீவி அந்தக் கோபத்தை எல்லாம் அடுக்களையில் காட்டினாள். பாத்திரங்கள் பாவம். காலையில் மீன் கொண்டுவரும் முனியம்மா ஒருநாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு, கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னா பீவிம்மா, சட்டிய இந்தப் போடு போடுற? தோணிரேவுல எங்கக்கா மவன் துளசிங்கம் கீறானே, அவனும் உம் புள்ள மாதிரிதான். அவனச் சாயக்காரத் தெரு மணியம்மாகிட்ட வுட்டிருக்காங்க. துணியில கோடு இழுக்கறான். நம்புவியா? நானே நம்பல. கண்ணால போய்ப் பாத்துட்டு வந்துதான் சொல்றேன்."

சாயக்காரத் தெரு என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கோட்டையில் இருக்கும் ஒல்லாந்தர்கள் கப்பல் கப்பலாக வாங்கி அனுப்பும் சித்திரத் துணிகள் அந்தத் தெருவில்தான் உருவாகின்றன. அங்கே பெரிய பட்டறை மணியம்மாளுடையது. முன்கொட்டகையில் மகன்கள் கோட்டைக்காகப் பூவும் கொடியும் எழுதுவார்கள். பின்கொட்டகையில், ஊர் 'மந்தம்' என்று ஒதுக்கிவைத்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு மணியம்மாள் உட்கார்ந்திருப்பாள். ஏன் இந்த வேலை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வாள். பூசாரியிடம் புண்ணியம் என்பாள். மகன்களிடம் "உங்க மூஞ்சியப் பாத்துக்கினே இருந்தா எனக்கு அலுப்பா கீது" என்பாள். எது உண்மை என்று யாருக்கும் தெரியாது. ஒருவேளை எதுவுமே இல்லை, அவளுக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

பரக்கத் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கலந்தரின் கையைப் பிடித்து அங்கே போய் நின்றபோது, மணியம்மாள் ஒரு பெண்ணின் பாவாடையில் கறை துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பையனைப் பார்த்தாள். பையன் தன் கையில் இருந்த உம்மாவின் முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"எப்பவும் இப்படித்தான் அமுக்குவானா?"

"எப்பவும். எவ்ளோ அடிச்சும் வுடல" என்று பரக்கத் பீவி வெட்கத்தோடு சொன்னாள்.

"அடிச்சியா? நல்ல ஆளும்மா நீ. அந்தக் கையத்தானே நான் தேடிக்கினு கீறேன்!"

அப்படிச் சொல்லிவிட்டு ஒரு மூங்கில் எழுதுகோலை எடுத்தாள். அதன் கூரிய முனைக்குச் சற்று மேலே கம்பளி மயிரைப் பந்தாகச் சுற்றி நூலால் கட்டியிருந்தது. பந்தைத் தண்ணீரில் தோய்த்து எடுத்து, விரலால் அமுக்கினால், தண்ணீர் முனை வழியாக மெல்ல இறங்கும். சாயக்காரர்கள் எல்லாரும் எழுதுவது இப்படித்தான். நல்ல தேர்ந்த கைக்கும் இதில் கஷ்டமான வேலை அமுக்குவதுதான். ஒரே சீராக அமுக்க வேண்டும். கலந்தரோ பிறந்ததிலிருந்து அதைத் தவிர வேறெதுவும் செய்ததில்லை. மணியம்மாள் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து, தன் கையை அவன் கைமேல் வைத்தாள்.

"தோய்" என்றாள். தோய்த்தார்கள். "அமுக்கு." அமுக்கினார்கள். "இழு." துணியில் ஈரமாக ஒரு கோடு விழுந்தது.

அன்று முழுவதும் அந்த மூன்று வார்த்தைதான். நான்காவது வார்த்தை ஒன்று அவள் வாயிலிருந்து வரவில்லை. பரக்கத் பீவிக்கே அலுத்துவிட்டது, மணியம்மாளுக்கு அலுக்கவில்லை. மகன்களிடம் முன்கொட்டகையில் 'கண்ணு பொடனியிலயா கீது?' என்று கத்துகிற அதே வாய், இங்கே வந்தால் அடங்கிவிடும். பையன் கோலைத் தூக்கி எறிந்தால் எழுந்து போய் எடுத்து வருவாள். மறுபடி "தோய்." மறுபடி எறிவான். மறுபடி எடுத்து வருவாள். எத்தனை தடவை என்று எண்ணுகிற பழக்கமே அவளுக்கு இல்லை.

பரக்கத் பீவி சந்தேகப் பிராணி. மகனை விட்டுவிட்டுப் போகாமல் நாள்தோறும் ஒரு மூலையில் உட்கார்ந்து வேவு பார்த்தாள். பார்க்கப் பார்க்க வியப்புத்தான் கூடிக்கொண்டு போனது. முனியம்மாவின் அக்காள் மகன் துளசிங்கத்துக்கு விரல்கள் சரியாக மடங்காது, மெல்லிய மூங்கில் கோல் நழுவி விழும். மணியம்மாள் அவனுடைய நைனாவிடம் சொல்லி, வலையில் கோக்கிற மிதவைக் கட்டை ஒன்றை வாங்கி, அதன் ஓட்டையில் கோலைச் செருகிவிட்டாள். இப்போது துளசிங்கம் உள்ளங்கையால் கட்டையைப் பிடித்துக்கொண்டு மீன் மீனாக எழுதித் தள்ளினான். கோட்டைப் பீரங்கிக்காரன் ஒருவனின் மகள் பிலோமினாவுக்கு வேறு தொல்லை. கோடு போட ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது; துணியைத் தாண்டித் தரைக்கும், தரையைத் தாண்டித் தன் பாவாடைக்கும் போய்விடுவாள். 'நிறுத்து' என்று அவளிடம் யார் கத்தினாலும் காதில் ஏறாது. மணியம்மாள் கத்தவில்லை. துணியின் நான்கு ஓரத்திலும் வலைக்கயிற்றைப் பரப்பி வைத்தாள். பிலோமினாவின் கை கயிற்றில் முட்டும், முட்டியதும் திரும்பிவிடும்.

மணியம்மாளின் கைக்குத் தங்கத்தில் காப்புப் போட வேண்டும் என்று பரக்கத் பீவிக்குத் தோன்றியது. அவளுக்கு ஒருவரைப் பிடித்துவிட்டால் வீட்டிலிருந்து ஆப்பம் வரும். மறுநாள் முதல் பின்கொட்டகைக்கு ஆப்பம் வந்தது.

ஒருநாள் சோறு பிசைந்துகொண்டிருந்த கலந்தர், தட்டைப் பார்த்துக்கொண்டே "அமுக்கு" என்றான். பரக்கத் பீவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சின்ன மகள் ஜைனம்புவைக் கூப்பிட்டுக் காட்டினாள். மரைக்காயரின் தம்பி காஜா மைதீனையும் கூப்பிட்டாள். அவர் வந்து பார்த்துவிட்டு, "அண்ணி, சோத்த அமுக்கறான், அமுக்குன்னு சொல்றான். அதுல இன்னா கீது?" என்றார். மழை முடிந்து அண்ணன் வந்ததும் பையன் தெற்கே போகப்போகிறான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தோணிக்காரனிடம் பேசியும் வைத்துவிட்டார்.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் பரக்கத் பீவியை அரித்துக்கொண்டே இருந்தது. முன்கொட்டகையில் எழுதுகிற கோடுகள் இளஞ்சிவப்பாகத் தெரிந்தன. பின்கொட்டகையில் பிள்ளைகள் எழுதுவது எதுவும் தெரியவில்லை. போடும்போது ஈரமாக மின்னும், காய்ந்ததும் காணாமல் போய்விடும். கடுக்காயிலும் எருமைப் பாலிலும் ஊறிய அழுக்கு மஞ்சள் துணிதான் மிஞ்சும். பிள்ளைகள் சத்தம் போடாமல் இருக்கட்டும் என்று வெறும் தண்ணீரைக் கொடுத்து ஏமாற்றுகிறாளோ? கேட்டே விட்டாள்.

"வெறும் தண்ணியா?" மணியம்மாள் கொட்டாங்கச்சியை அவள் உதட்டருகே நீட்டினாள். "நாக்குல வையி."

நாக்கு சுருண்டுகொண்டது. துவர்ப்பு, புளிப்பு, கொஞ்சம் இனிப்பு.

"படிகாரம். இதுக்கு நெறம் கெடயாது. சாயவேர் போட்ட அண்டாவுல துணிய வேக வச்சா, இது பட்ட எடம் மட்டும் செவப்பப் புடிச்சிக்கும். முன்னால எழுதறவனுங்களுக்குக் கண்ணுக்குத் தெரியணும்னு சப்பாங்கட்டைய ஊற வச்சி நெறம் கலந்து குடுக்கறேன். இதுங்களுக்குக் குடுத்தா கோட்ட வுட்டுட்டு நெறத்தப் பாக்குதுங்க. உம் மவன் ஒருநாள் நீ அந்தாண்ட போனப்ப அந்த நெறத்த மொத்தமா எடுத்து மண்டையில ஊத்திக்கினான், நீ பாக்கல. வெறும் ஈரம்னா அது காயறதப் பாத்துக்கினு பொறுமையா உக்காந்திருக்கான்."

பரக்கத் பீவி தலையாட்டினாள். கேட்டது புத்தியில் ஏறியது. மனசில் மட்டும் ஏறவில்லை. கண்ணால் காணாததை எப்படி நம்புவது? அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

மார்கழிப் பாதியில் மணியம்மாள் ஆளுக்கொரு முழத்துணியைப் புதிதாகக் கொடுத்து, "உங்க வூட்டு வாசல்ல இன்னா கீதோ அதப் போடுங்க" என்றாள். துளசிங்கம் மீன் போட்டான், அவனுக்கு வாசல் என்றாலும் கொல்லை என்றாலும் மீன்தான். கலந்தர் பல நாள் குனிந்து உட்கார்ந்து எழுதினான். கோடுகள் வளைந்து, கூடி, மறைந்துகொண்டே இருந்தன. எழுதி முடித்ததும் துணியை மடித்துப் பரக்கத் பீவியிடம் கொடுத்தாள் மணியம்மாள். முன்கொட்டகையில் கோட்டைத் துணி குவிந்து கிடந்தது, வைக்க இடமில்லை.

"வூட்ல ஒரு மூலையில போட்டு வையி. அந்தப் படிகாரம் துணிய நல்லா கடிக்கணும். அண்டா காலியானதும் சொல்லி அனுப்பறேன்."

தண்ணீர் படக்கூடாது என்று அவள் சொல்லவில்லை. சாயக்காரத் தெருவில் தவழுகிற குழந்தைக்கும் அது தெரியும் என்பதால் சொல்லத் தோன்றவில்லை. மரைக்காயர் வீட்டில் அது யாருக்கும் தெரியாது.

தை பிறந்து சில நாளில், முகத்துவாரத்துக்கு வெளியே கப்பல் தெரிகிறது என்று காலையில் சேதி வந்தது. சரக்கு இறக்கி, கோட்டை அதிகாரிகளைப் பார்த்துவிட்டு மரைக்காயர் கரை சேர மறுநாளாகும். பரக்கத் பீவி சும்மா உட்காரவில்லை. வீட்டை மெழுகினாள், பாய்களை உதறினாள், இருக்கிற துணியை எல்லாம் வாரிக் கிணற்றடியில் போட்டாள். மூலையில் கலந்தரின் துணி கிடந்தது. மஞ்சளாக, விறைப்பாக, கெட்டுப்போன பால் வாடையோடு. இதையா அவரிடம் காட்டுவது? பிள்ளை செய்தது என்று நீட்டும்போது சுத்தமாகவாவது இருக்க வேண்டாமா?

குடம் குடமாக ஊற்றி அலசினாள். ஒரு பக்கம் வாடை போகவில்லை என்று கசக்கவும் செய்தாள். பிறகு வேலியில் உலர்த்தினாள். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மணியம்மாளின் ஆள் வந்து, அண்டா காலி, துணியைக் கொண்டுவரச் சொன்னார்கள் என்றான். பரக்கத் பீவி துணியை மடித்துக்கொண்டு, கலந்தரையும் கூட்டிக்கொண்டு போனாள். மணியம்மாள் துணியைக் கையில் வாங்கியதும் முகம் மாறியது. மூக்கருகே வைத்து மோந்தாள்.

"பீவிம்மா, இத இன்னா பண்ண?"

"தொவைச்சேன்."

மணியம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயில் வந்த வசவு முழுவதும் தெலுங்கில் வந்தது. ஒருவகையில் அது நல்லதாயிற்று, பரக்கத் பீவிக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே போதும். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கணவர் அவன் அறிவை மட்டும்தான் சந்தேகப்பட்டார். அவன் கையால் செய்த ஒரே காரியத்தைத் தன் கையால் கரைத்து ஊற்றியது தாய்.

வைது முடித்ததும் மணியம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்: "தொட்டியில ஊற வச்சியா, ஊத்தி அலசினியா?"

"ஊத்தி ஊத்தி அலசினேன். ஒரு பக்கம் கசக்கினேன்."

"ஊற வைக்கலயே?"

"இல்ல."

மணியம்மாள் எழுந்து சேலையை உதறினாள். "ஊற வச்சிருந்தா காரம் கரைஞ்சி துணி பூராவும் பரவியிருக்கும். ஒரே செவப்பாப் போயிருக்கும். ஊத்தி அலசினா மிச்சம் மீதி ஓடிடும், கடிச்சது நிக்கும். நாங்களும் அண்டாவுல போடறதுக்கு முன்னால அப்படித்தான் அலசுவோம். ஆனா ஆத்துத் தண்ணியில, கசக்காம. கசக்கின எடம் இன்னா ஆச்சின்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். வா, வேக வச்சிப் பாப்போம்."

மறுநாள் காலையில் அண்டாவுக்குக் கீழே விறகு எரிந்தது. சாயவேர் கொதித்துக் கொட்டகை முழுக்க மண் வாசம் பரவியது. பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். மணியம்மாள் நீளக் கழியால் துணிகளைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். பரக்கத் பீவி வாய்க்குள் துவா ஓதினாள். தோணிக்காரன் நேற்றே வந்து காஜா மைதீனைப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். மரைக்காயர் கரை இறங்கினால் இன்றே கிளம்பலாம் என்ற அளவுக்குக் காற்று வாகாக அடித்தது.

முதலில் வந்தவை துளசிங்கத்தின் மீன்கள். கழியில் தூக்கிய துணியில் சிவக்கச் சிவக்கக் கூட்டமாக நீந்தின. பையன் கத்திய கத்தலில் முன்கொட்டகை ஆட்கள் ஓடி வந்தார்கள். அடுத்து கலந்தருடையது. பரக்கத் பீவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"தோணி!" என்று யாரோ சொன்னார்கள். "பாருங்கடா, ஜோடி ஜோடியா தோணி! எப்படி வளைச்சிருக்கான்!"

கண்ணைத் திறந்தாள். மணலில் விரித்த துணியில், நல்ல இரத்தச் சிவப்பில், கோடுகள் நின்றன. அலசியும் போகவில்லை. ஒரே அகலம், ஒரே அழுத்தம். மணியம்மாளின் பெரிய மகன், யாரையும் பாராட்டி வழக்கமில்லாதவன், குனிந்து ஒரு கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "என் கையே இவ்ளோ சீரா அமுக்காது" என்றான். மணியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "எழுதறப்பவே எனக்குத் தெரியும், தோணின்னு. மரைக்காயர் புள்ளையாச்சே!" என்றாள்.

பரக்கத் பீவி துணியருகே குனிந்தாள். ஒவ்வொரு தோணியின் முன்பக்கத்திலும் ஒரு வாரும், வாரின் நடுவில் ஒரு குமிழும் இருந்தன. எந்தத் தோணிக்குக் குமிழ் இருக்கிறது?

"மணியம்மா" என்று மெல்லச் சொன்னாள். "இது தோணி இல்ல. செருப்பு."

குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பின்வாங்கினார்கள். அடுத்தவனை அவமானப்படுத்த வேண்டும் என்றால் செருப்பைக் காட்டுகிற ஊர் இது. கடல் கடந்து வருகிற தகப்பனுக்கு, அவர் மகன் வரைந்து வைத்திருப்பது செருப்பு. அதைவிட வெறுந்துணியே மேல் என்று பரக்கத் பீவிக்குத் தோன்றியது.

ஆனால் கண் அதைவிட்டு நகரவில்லை. இந்தச் சின்ன ஜோடி, ஒன்று நேராகவும் ஒன்று கவிழ்ந்தும் கிடப்பது, ஜைனம்புவுடையது. அவள் ஒருநாளும் ஒழுங்காகக் கழற்றிவிட மாட்டாள். இது காஜா மைதீனுடையது, வலது குதிகால் தேய்ந்து சரிந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் செருப்பே இல்லை, இரண்டு பாதம் மட்டும், விரல்களைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாகப் புள்ளிகள். செருப்பில்லாத முனியம்மா, தினமும் மீன்கூடைத் தண்ணீர் ஒழுக வந்து நிற்கிற ஈரக்கால். யார் முகத்தையும் பார்க்காதவன் வாசலில் குனிந்து உட்கார்ந்து, வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். கசக்கிய இடத்தில் கலங்கலாக ஒரு ஜோடி இருந்தது. அது அவளுடையது. ஊரிலே யாருடையதையும் கெடுக்காமல் தன்னுடையதை மட்டும் சரியாகத் தேடிப்பிடித்துக் கசக்கியிருக்கிறாள்.

வரிசையின் கடைசியில் ஒரு ஜோடிக்கு இடம் இருந்தது. அங்கே ஒன்றுமில்லை.

"இங்க இருந்தத நான் கழுவிட்டேன்" என்றாள் பரக்கத் பீவி. "அவரோடது. அவரோடதத்தான் கழுவிட்டேன்."

மணியம்மாள் மண்டியிட்டு அந்த இடத்தைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தாள். "இல்ல. இங்க காரமே படல. பட்டிருந்தா சுவடாவது தெரியும், உன்னுது தெரியுதில்ல? இங்க அவன் கோல வைக்கவே இல்ல. இந்த எடத்துக்கு வந்ததும் கையப் புடிச்சி இழுத்துப் பாத்தேன், தள்ளி வுட்டுட்டான். அலுத்துப் போச்சின்னு நெனச்சேன்."

"ஏன் வுட்டான்?"

"எனக்கு இன்னா தெரியும்?" என்றாள் மணியம்மாள். அவளுக்குத் தெரியாதது என்று ஒன்றை அவள் ஒத்துக்கொண்டதை மகன்கள் அன்றுதான் பார்த்தார்கள்.

அப்போது தெருவில் ஆட்கள் வரும் சத்தம் கேட்டது. கரை இறங்கி வீட்டுக்குப் போன ஜெகபர் அலி மரைக்காயர், மனைவியும் மகனும் சாயக்காரத் தெருவில் என்று கேள்விப்பட்டு நேரே வந்துவிட்டார். கூடவே காஜா மைதீன், அவருக்குப் பின்னால் தோணிக்காரன். மரைக்காயர் கடல் காற்றில் கறுத்து, தாடி வளர்ந்து, ஆள் இளைத்திருந்தார். ஸலாம் சொல்லிவிட்டு மணலில் விரித்திருந்த துணியைப் பார்த்தார்.

"இன்னா இது, தோணியா?"

மணியம்மாள் பரக்கத் பீவியைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவமானம் தப்பும். பரக்கத் பீவி அந்த ஒரு வார்த்தையை விழுங்கினாள்.

"தோணி இல்லீங்க. செருப்பு. கலந்தர் எழுதினான்."

மரைக்காயரின் முகம் இருண்டது. காஜா மைதீன் வாய் திறப்பதற்குள் பரக்கத் பீவி மளமளவென்று சொல்லத் தொடங்கினாள்: "கோவப்படாம பாருங்க. இது நம்ம ஜைனம்பு. இது உங்க தம்பி, குதிகால் தேஞ்சிருக்குதா? இது மீன்காரி முனியம்மா, அவளுக்குச் செருப்பு ஏது, ஈரக்காலப் போட்டிருக்கான். இது நான். நான்தான் முட்டாத்தனமா தொவைச்சிட்டேன். யாரு எவருன்னு தெரியாதுன்னு சொன்னீங்களே, தெரியாமயா இப்படிப் போட்டான்?"

காஜா மைதீன் தன் வலது காலைத் தூக்கிக் குதிகாலைப் பார்த்தார். பிறகு அதை மெதுவாகக் கீழே வைத்தார்.

மரைக்காயர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசியில் வெறுமையாகக் கிடந்த இடத்தில் கண் நின்றது. கேட்கக்கூடாது என்று நினைத்திருப்பார், ஆனால் வாய் கேட்டுவிட்டது.

"என்னோடது?"

அவர் எழுந்து நின்றார்.

கலந்தர் துணியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். வாப்பா வந்ததற்கு அவன் தலை நிமிரவில்லை. அவருடைய கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மெல்லத் தவழ்ந்து வந்து அவருடைய வலது கணுக்காலைப் பிடித்துத் தூக்கினான். மரைக்காயர் தடுமாறி மணியம்மாளின் சாயக்கழியைப் பற்றிக்கொண்டார். பையன் செருப்பைக் கழற்றினான். பிறகு இடது காலில் இருந்ததையும் கழற்றினான். இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு போய், துணியில் வெறுமையாக இருந்த இடத்தில் வைத்தான். வைத்த பிறகும் திருப்தியில்லை. மற்ற ஜோடிகளோடு நேராக நிற்கும்வரை தள்ளித் தள்ளிச் சரிசெய்தான். அதன்பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அந்தக் கை எதையும் பிசையவில்லை.

மரைக்காயர் வெறுங்காலோடு மணலில் நின்றார். பரக்கத் பீவி முக்காட்டுக்குள் அழுதுகொண்டிருந்தாள், அதை மறைக்கவும் இல்லை.

தோணிக்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை. "மரைக்காயரே, காத்து நல்லா கீது. மத்தியானத்துக்குள்ள கெளம்பிடலாமா?" என்றான்.

"நீ போப்பா" என்றார் மரைக்காயர். "தெக்கே யாரும் வரல."

அவர் மகனுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். தோள்மேல் கை போடவில்லை, பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. அவனைப்போலவே தலையைக் குனிந்து அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணியம்மாளுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. எப்படிப்பட்ட நேரமானாலும் துணி துணிதான் அவளுக்கு.

"மரைக்காயரே, அது இன்னும் காயல. செருப்ப எடுத்துடுங்க. அச்சு வுழுந்துடும்."

"வுழட்டும்" என்றார் அவர்.